கார்டுப் படம் தப்பாக வருகிறதா? அறிகுறியிலிருந்து பிழைக்குப் போகும் வழி

கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று காட்டும் கிட்டார் கார்டுப் படத்துக்குள் இருப்பது ஆறு எண்கள். தடித்த ஆறாவது கம்பியில் தொடங்கி மெல்லிய முதல் கம்பி வரை எந்த ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டத்தை) அழுத்த வேண்டும் என்ற வரிசை, அவ்வளவுதான். சி மேஜர் என்றால் எக்ஸ் 3 2 0 1 0. எக்ஸ் போட்ட கம்பி ஒலிக்கக் கூடாது. 0 என்றால் விரல் வைக்காமல் மீட்ட வேண்டிய கம்பி. கட்டம், கறுப்புப் புள்ளி, விரல் எண், மேலே தடித்த கோடு எல்லாம் அந்த ஆறு எண்களை மென்பொருள் நமக்கு வரைந்து காட்டும் விதம். படம் தப்பாக வந்தால் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் அந்த எண்கள் வேறு அர்த்தத்தில் படிக்கப்பட்டிருக்கும். அதனால் புள்ளியை இழுத்து இடம் மாற்றுவதற்கு முன், எண்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். புள்ளியை மட்டும் நகர்த்தினால் இந்த ஒரு படம் சரியாகும். அடுத்த படத்தில் அதே பிழை மறுபடி வந்து நிற்கும்.

முதலில் மூன்று கார்டுச் சோதனை

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் காலிக் கோப்பு ஒன்றைத் திறந்து மூன்று கார்டுகளை மட்டும் போடுங்கள். சி மேஜர்: எக்ஸ் 3 2 0 1 0. எஃப் மேஜர்: 1 3 3 2 1 1. சி ஷார்ப் மைனர்: எக்ஸ் 4 6 6 5 4.

இந்த மூன்றையும் காரணத்தோடுதான் எடுத்திருக்கிறேன். சி மேஜர் இடமும் வலமும் ஒத்துப்போகாத வடிவம். கம்பி வரிசை திரும்பினால் உடனே தெரிந்துவிடும். எஃப் மேஜரில் ஒரே விரல் எல்லாக் கம்பிகளையும் படுத்து அழுத்துகிறது. அதைக் குறிக்கும் பார் கோடு வருகிறதா என்று இந்தக் கார்டு காட்டிக்கொடுக்கும். சி ஷார்ப் மைனர் நட்டை (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையை) விட்டு விலகி நாலாவது ஃப்ரெட்டில் தொடங்குவதால் தொடக்க ஃப்ரெட் கணக்கு சரியா என்று அதில் தெரியும். மூன்றும் சரியாக வந்தால் மென்பொருளில் குறை இல்லை. உங்கள் பழைய கோப்பிலோ, வெளியிலிருந்து கொண்டுவந்த தரவிலோதான் பிரச்சினை. ஒன்று மட்டும் தப்பினால், எது தப்புகிறதோ அதற்குரிய பகுதிக்குக் கீழே போய்விடலாம்.

படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறது

சி மேஜர் 0 1 0 2 3 எக்ஸ் என்று வருகிறது. இதற்குக் காரணம் இரண்டு. எல்லாப் படமும் இப்படித் திரும்பியிருந்தால் இடக்கை வாசிப்பாளருக்கான அமைப்பு இயக்கத்தில் இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்தால் போதும். நீங்களே தட்டச்சு செய்த படங்கள் சரியாக இருந்து, வேறெங்கிருந்தோ கொண்டுவந்தவை மட்டும் திரும்பியிருந்தால், அந்தத் தரவு முதல் கம்பியிலிருந்து எழுதப்பட்டது.

கம்பிக்கு எண் கொடுக்கும் முறையும் எண்களை எழுதும் வரிசையும் எதிரெதிர்த் திசையில் போவதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். மெல்லிய கம்பிக்கு எண் 1, தடித்த கம்பிக்கு எண் 6. ஆனால் கார்டை எழுதும்போது 6-இலிருந்துதான் தொடங்குகிறோம். இசைத்தாள் எழுதும் லிலிபாண்டில் ஒரே மென்பொருளுக்குள்ளேயே இரண்டும் உண்டு: ஒரு முறையில் கம்பி எண்ணைச் சொல்லி எழுத வேண்டும், சுருக்க முறையில் ஆறாவது கம்பியிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். ஒன்றில் பழகிய கை மற்றதில் தப்பு செய்வது இயல்பு.

இந்தப் பிழையைக் கண்ணால் மட்டும் தேடாதீர்கள். ஜி மேஜரின் 3 2 0 0 0 3 திரும்பினால் 3 0 0 0 2 3 ஆகிறது. தாளில் பார்த்தால் அதுவும் ஜி மாதிரியேதான் இருக்கும். வாசித்தால் இரண்டாவது கம்பியில் சி ஷார்ப் ஒலித்துக் காதை உறுத்தும். கொண்டுவந்த தொகுப்பில் ஏதாவது ஒரு கார்டு திரும்பியிருந்தால் அந்தத் தொகுப்பு முழுவதையுமே திருப்புங்கள். திருப்ப வேண்டியது எண் வரிசையை; படத்தைப் படத்திருத்தியில் போட்டு இடவலமாகத் திருப்பினால் விரல் எண்களும் கார்டின் பெயரும் கண்ணாடி எழுத்தாகிவிடும். இடக்கைப் படம் வேண்டுமானாலும் இதே அறிவுரைதான்: மென்பொருளின் இடக்கை அமைப்பைப் பயன்படுத்துங்கள்.

பெயர் ஒன்று, ஒலிப்பது வேறொன்று: மேல் ஃப்ரெட் கார்டுகள் மட்டும் தப்புகின்றன

நட்டுக்குப் பக்கத்தில் உள்ள கார்டுகள் எல்லாம் சரி. நாலாவது, ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்குபவை மட்டும் வேறு இடத்தில் போய் உட்காருகின்றன. இது தொடக்க ஃப்ரெட் கணக்கு. பிழைகளில் மிகவும் ஏமாற்றக்கூடியது இதுதான் என்பேன். படத்தின் வடிவம் அப்படியே சரியாக இருக்கும், பக்கத்தில் உள்ள சின்ன எண் மட்டும்தான் மாறியிருக்கும்.

பாட்டு வரிகளையும் கார்டுகளையும் உரைக்கோப்பாக எழுதும் கார்ட்ப்ரோ வடிவத்தில் ஒரு கார்டை வரையறுக்கும்போது தொடக்க ஃப்ரெட்டை ஒரு எண்ணாகச் சொல்லிவிட்டு, மற்ற எண்களை அதற்கு ஒப்பிட்டு எழுத வேண்டும். தொடக்கம் 4 என்றால், நாலாவது ஃப்ரெட்டுக்குப் பெயர் இப்போது 1. ஆகவே சி ஷார்ப் மைனரின் எண்கள் எக்ஸ் 1 3 3 2 1. பழக்கத்தில் எக்ஸ் 4 6 6 5 4 என்றே எழுதி, தொடக்கமும் 4 என்று போட்டுவிட்டால் மென்பொருள் மூன்று ஃப்ரெட் கூடுதலாகத் தள்ளி எக்ஸ் 7 9 9 8 7 என்று எடுத்துக்கொள்ளும். அது ஈ மைனர். தலைக்கு மேல் சி ஷார்ப் மைனர் என்று பெயர், கீழே ஈ மைனர் படம்.

இதன் மறுபக்கமும் நடக்கும். நட்டிலிருந்து எண்ணும் மென்பொருளுக்கு ஒப்பீட்டு எண்களைக் கொடுத்தால் எக்ஸ் 1 3 3 2 1 அப்படியே முதல் ஃப்ரெட்டில் விழுந்து பி ஃப்ளாட் மைனர் ஆகும். ஆக, தப்பு எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். மேலே தள்ளியிருந்தால் இரண்டு முறை கூட்டியிருக்கிறது. கீழே இறங்கியிருந்தால் ஒரு முறைகூடக் கூட்டவில்லை. இதில் 0 மட்டும் விதிவிலக்கு. தொடக்க ஃப்ரெட் எதுவாக இருந்தாலும் கார்ட்ப்ரோவில் 0 வெறும் கம்பிதான், அது நகராது.

எண்கள் சரி, ஆனால் கடைசிப் புள்ளி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது அல்லது காணாமலே போய்விட்டது என்றால், தெரியும் ஃப்ரெட்டுகளின் எண்ணிக்கை போதவில்லை. இசைத்தாள் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் படத்தைத் தேர்ந்தெடுத்து அதன் பண்புகளுக்குள் போனால் கம்பி எண்ணிக்கை, தெரியும் ஃப்ரெட் எண்ணிக்கை, தொடக்க ஃப்ரெட் எண் மூன்றையும் மாற்றலாம். விரலை அகல விரிக்கும் கார்டுகளுக்கு நாலு ஃப்ரெட் போதாது, ஐந்தாக வையுங்கள்.

பத்தாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனதும் மட்டும் கோளாறு வருகிறதா? எண்களுக்கு நடுவே இடைவெளி விட்டீர்களா என்று பாருங்கள். எக்ஸ் 10 12 12 11 10 என்பது ஜி மைனர். அதையே சேர்த்து 1012121110 என்று எழுதினால் எங்கே வெட்டுவது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? கீழ்க் கார்டுகளுக்கு இடைவெளி தேவையே இல்லாவிட்டாலும் எல்லாவற்றிலும் இடைவெளி விட்டு எழுதும் பழக்கம் நல்லது.

இன்னொன்று. கார்டுகளை எண்களாகக் கொடுக்காமல் ஸ்வரங்களாக எழுதி, அவற்றிலிருந்து படத்தை உருவாக்கச் சொல்பவர்களுக்கு எல்லாமே கழுத்தின் மேல் பாதியில் போய் நிற்கும். கிட்டாருக்கான இசைக்குறிப்பை அது ஒலிப்பதைவிட ஓர் ஆக்டேவ் மேலே எழுதுவதுதான் வழக்கம். ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் உள்ள சி, தாளில் நடு சி-யின் இடத்தில் எழுதப்படும். ஒலிப்பது அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே. மென்பொருள் உண்மையான சுருதியைக் கேட்கும் இடத்தில் தாளில் கண்டதைக் கொடுத்தால் 12 ஃப்ரெட் வித்தியாசம் வரும். ஓர் ஆக்டேவ் இறக்குங்கள், படங்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

எஃப் மேஜரில் பார் கோடு வரவில்லை

முதல் ஃப்ரெட்டில் மூன்று தனிப் புள்ளிகள் நிற்கின்றன, அவற்றை இணைக்கும் கோடு இல்லை. 1 3 3 2 1 1 என்ற எண்களில் பார் இருக்கிறது என்ற தகவலே கிடையாது. அது விரல் எண்களில்தான் இருக்கிறது. ஆள்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3, சுண்டுவிரல் 4. எஃப் மேஜருக்கு விரல் வரிசை 1 3 4 2 1 1. ஒரே ஃப்ரெட்டில் ஒரே விரல் பல கம்பிகளில் வருவதைப் பார்த்துச் சில மென்பொருட்கள் தாமாகவே கோடு போடும். மற்றவற்றில் நாம்தான் சொல்ல வேண்டும். லிலிபாண்டின் சுருக்க முறையில் பார் தொடங்கும் கம்பியின் எண்ணுக்குப் பின் கோடும் இடது அடைப்புக்குறியும், முடியும் கம்பியில் கோடும் வலது அடைப்புக்குறியும் சேர்க்க வேண்டும். முடிவுக் குறியை மறந்தால் கோடு பாதியில் நிற்கும் அல்லது பிழைச் செய்தி வரும்.

தெரிந்த கார்டுக்குக் கையே எட்டாத வடிவம் வருகிறது

கார்டின் பெயரை மட்டும் கொடுத்தால் சில மென்பொருட்கள் அதன் ஸ்வரங்களைக் கணக்கிட்டு, அவை கழுத்தில் எங்கெல்லாம் கிடைக்கின்றன என்று பார்த்து, ஒரு வடிவத்தைத் தாமே தேர்ந்தெடுக்கும். கணக்கு சரிதான். ஆனால் மனிதக் கைக்கு நாலு விரல், ஓரளவுக்குமேல் விரியாது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் முழுமையாக இருப்பதில்லை. லிலிபாண்டில் இது அடிக்கடி நடக்கும். வழக்கமான வடிவங்களைக் கொண்ட முன்வரையறைக் கோப்பு ஒன்று அதனுடனேயே வருகிறது. உங்கள் கோப்பின் தொடக்கத்தில் அதைச் சேர்க்கவில்லை என்றால் எல்லாம் கணக்கிட்டுத்தான் வரையப்படும். சேர்த்த பிறகும் விசித்திரமாக வந்தால் ட்யூனிங் (கம்பிகளுக்கு வைத்த சுருதி) மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வடிவங்கள் வழக்கமான ட்யூனிங்குக்கு மட்டுமே சொந்தமானவை.

மென்பொருள் கார்டுக்கு வேறு பெயர் வைக்கிறது

புள்ளிகளை வைத்தால் பெயரைத் தானே கண்டுபிடிக்கும் வசதி பல மென்பொருட்களில் உண்டு. சி 6 என்று நினைத்து வரைந்தால் ஏ மைனர் 7 என்று எழுதுகிறது. இதைப் பிழை என்று சொல்ல முடியாது. இரண்டிலும் இருப்பவை அதே நாலு ஸ்வரங்கள்: சி, ஈ, ஜி, ஏ. சி சஸ் 2-உம் ஜி சஸ் 4-உம் இப்படித்தான். டிமினிஷ்டு 7 கார்டு ஒன்றை அதன் நாலு ஸ்வரங்களில் எதன் பெயராலும் அழைக்கலாம். ஆக்மென்டடு கார்டுக்கு மூன்று பெயர். பாட்டில் முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று தெரிந்த உங்களுக்குத்தான் எந்தப் பெயர் பொருந்தும் என்று தெரியும். தானியங்கிப் பெயரை அழித்துவிட்டு உங்கள் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள், தயங்க வேண்டாம்.

ஆனால் பெயர் முற்றிலும் சம்பந்தமில்லாமல் வந்தால் அது வேறு விஷயம். ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கும் ட்ராப் டி ட்யூனிங்கில் 0 0 0 2 3 2 சுத்தமான டி மேஜர். மென்பொருள் ஆறாவது கம்பியை இன்னும் ஈ என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதே எண்களுக்கு, அடியில் ஈ ஒலிக்கும் டி ஆட் 9 என்று ஏதோ பெயர் வைக்கும். ட்யூனிங்கை ஈ ஏ டி ஜி பி ஈ-யிலிருந்து டி ஏ டி ஜி பி ஈ-க்கு மாற்றுங்கள். எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கி வாசிப்பவர்கள் இதற்கு நேர்மாறாக, ட்யூனிங்கை வழக்கமானதாகவே விட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் எல்லோரும் ஜி என்று சொல்லும் வடிவத்துக்கு மேலே எஃப் ஷார்ப் என்று வந்து நிற்கும், கூட வாசிப்பவர் திணறிப்போவார்.

கேப்போ போட்டதும் எல்லாம் குழம்புகிறது

இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி), கை பிடிப்பது ஜி வடிவம், ஒலிப்பது ஏ மேஜர். தாளில் எதை எழுதுவது? வடிவத்தின் பெயரை எழுதுபவர்களும் உண்டு, ஒலியின் பெயரை எழுதுபவர்களும் உண்டு. கோப்பில் ஒலியின் பெயரான ஏ-யை எழுதிவிட்டு, கேப்போ 2 என்ற குறிப்பையும் சேர்த்து, மென்பொருளிலும் இடமாற்றம் 2 என்று வைத்தால் இரண்டாவது முறை கூட்டி பி மேஜர் ஆகிவிடும். பாட்டு முழுக்க இரண்டு அரை ஸ்வரம் ஏறியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

படங்களிலும் இதே இரட்டை அர்த்தம் ஒளிந்திருக்கிறது. கேப்போ 2 வைத்து டி வடிவம் பிடித்தால், கேப்போவை நட்டாகக் கருதினால் எக்ஸ் எக்ஸ் 0 2 3 2. உண்மையான நட்டிலிருந்து எண்ணினால் எக்ஸ் எக்ஸ் 2 4 5 4. கேப்போ போட்ட பாட்டில் வெறும் கம்பி வட்டமே எங்கும் இல்லை, எல்லாம் பார் கார்டு போல் தெரிகிறது என்றால் மென்பொருள் நட்டிலிருந்து எண்ணுகிறது. என் கருத்து: கோப்பில் எப்போதும் வடிவத்தின் பெயரும் கேப்போவிலிருந்து எண்ணிய எண்களும் இருக்கட்டும், கேப்போ எங்கே என்பது தலைப்பில் ஒரு வரியாக இருக்கட்டும். வாசிப்பவர் கண் தேடுவது வடிவத்தைத்தான்.

சுருதி மாற்றினேன், பெயர் மாறியது, படம் மாறவில்லை

படம் உண்மையான கார்டாக இல்லாமல் ஒட்டிய வெறும் படமாக இருந்தால் இப்படி நடக்கும். அதன்மேல் ஒருமுறை தட்டிப் பாருங்கள்: புள்ளிகள் தனித்தனியாகத் தேர்வாகவில்லை, மொத்தமும் ஒரே சதுரமாகத் தேர்வாகிறது என்றால் அது ஒட்டுப் படம். மென்பொருள் அதை மாற்றாது. நாமே வரையறுத்த சொந்த வடிவங்களுக்கும் இதே கதி நேரலாம். சி-க்கு நீங்கள் வரைந்த அழகான வடிவம், பாட்டை டி-க்கு மாற்றியதும் காணாமல் போய்விடும். டி-க்கு நூலகத்தில் இருக்கும் பொது வடிவம் அந்த இடத்தில் வரும். வெறும் கம்பி கலந்த வடிவத்தைத் தானாக நகர்த்தவும் முடியாதே. சுருதி மாற்றியபின் சொந்த வடிவங்களை மறுபடி வரையறுக்க வேண்டியதுதான்.

விரிதாளிலிருந்து கொண்டுவந்தபின் எண்கள் குறைகின்றன

நூற்றுக்கணக்கான கார்டுகளை எக்செல் போன்ற விரிதாளில் எழுதி வைத்து, அங்கிருந்து ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. ஈ மேஜர் 022100. விரிதாள் அதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கி 22100 ஆக்கிவிடும். ஐந்து எண்தான் இருக்கிறது என்று கார்டு மென்பொருள் பிழை காட்டினால் அதிர்ஷ்டம். பிழை காட்டாமல் கடைசியில் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டால் முழு வடிவமும் ஒரு கம்பி நகர்ந்துவிடும். எக்ஸ் இருக்கும் கார்டுகளை விரிதாள் எழுத்தாகவே எடுத்துக்கொள்வதால் அவை தப்பிக்கும். அதனால் ஈ மேஜரும் ஈ மைனரும் மட்டும் உடைந்து, ஏ, டி, சி எல்லாம் சரியாக இருந்தால் வேறெதையும் தேடாதீர்கள். யுகுலேலேயில் இன்னும் மோசம்: சி மேஜரின் 0003 வெறும் 3 ஆகிவிடும்.

நடுவில் சிறு கோடு போட்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். மூன்று கம்பிப் பவர் கார்டை 5-7-7 என்று எழுதினால் அது தேதியாகிவிடும். தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையின் வகையை உரை என்று மாற்றுங்கள். பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நெடுவரிசை என்று ஆறாகப் பிரித்து வைப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. பத்தாவது ஃப்ரெட் சிக்கலும் அதோடு தீரும்.

சேமித்த படங்கள் காணாமல் போகின்றன

இதில் நான் நிறைய இழந்திருக்கிறேன், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பன்னிரண்டு மூல ஸ்வரங்களுக்கும் எட்டெட்டு வகையாக 96 படங்களை ஒரே மூச்சில் ஏற்றுமதி செய்தேன். கோப்புறையில் எண்ணினால் 84. மென்பொருள் எந்தப் பிழையும் காட்டவில்லை. குறைந்தது சரியாகப் பன்னிரண்டு என்பதை யோசித்தபோதுதான் பிடிபட்டது: ஒரு முழு வகையே போயிருக்கிறது. மேஜர் 7-ஐப் பெரிய எம் எழுத்தாலும் மைனர் 7-ஐச் சிறிய எம் எழுத்தாலும் குறித்திருந்தேன். விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. மேஜர் 7 படங்கள் முதலில் எழுதப்பட்டன, அவற்றின்மேல் மைனர் 7 படங்கள் எழுதப்பட்டன. இதில் இன்னும் கொடுமை, பழைய பெயரே சில சமயம் நிலைத்துவிடும். மேஜர் 7 என்ற பெயருள்ள கோப்பைத் திறந்தால் எக்ஸ் 3 2 0 0 0 இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் 3 5 3 4 3 இருக்கும்.

லினக்ஸில் இந்த வேறுபாடு பார்க்கப்படுவதால் அங்கே 96-உம் ஒழுங்காக இருக்கும். அதே கோப்புறையை வேறு கணினிக்கு நகலெடுக்கும்போதுதான் மோதும். எங்கே வேலை செய்தாலும் தீர்வு ஒன்றுதான். எழுத்தின் அளவை நம்பிப் பெயர் வைக்காதீர்கள். மேஜ்7, மின்7, டாம்7 என்று மூன்றெழுத்துச் சுருக்கங்களை வையுங்கள்.

அடி ஸ்வரத்தைச் சாய்கோட்டுக்குப் பின் எழுதும் ஸ்லாஷ் கார்டைச் (சி/ஜி போல) சேமிக்கும்போது பிழை வருகிறதா, அல்லது சி என்று ஒரு புதிய கோப்புறை முளைத்து அதற்குள் ஜி என்று ஒரு கோப்பு கிடக்கிறதா? சாய்கோடு கோப்புப் பெயரில் வர முடியாது. கணினிக்கு அது கோப்புறையைப் பிரிக்கும் குறி. அடியில் ஜி ஒலிக்கும் சி மேஜருக்கு “சி-மேல்-ஜி” என்பதுபோல் ஏதாவது சொல் வைத்துக்கொள்ளுங்கள். # குறி கோப்புப் பெயரில் சிக்கல் செய்யாது, ஆனால் இணையப் பக்கத்தில் அந்தப் படத்தைக் காட்டும்போது செய்யும். முகவரியில் # வந்தால் அதற்குப் பின் உள்ளதை உலாவி கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளாது. ஷார்ப் கார்டுகளின் படங்கள் மட்டும் இணையத்தில் தெரியாமல், மற்றவை தெரிந்தால் காரணம் அதுவே. # இருக்கும் இடத்தில் ஷார்ப் என்றே எழுதிவிடலாம்.

வரிசை பிடிக்கவில்லை என்றால், பெயரின் முன்னால் மூல ஸ்வரத்துக்கு இரண்டு இலக்க எண் கொடுங்கள்: சி 01, சி ஷார்ப் 02 என்று பி 12 வரை. அகர வரிசையில் ஏ முதலில் வருவது அப்போது தொந்தரவு செய்யாது. 6, 7, 9 ஆகியவற்றையும் 06, 07, 09 என்று எழுதிவிட்டால் சி 13 கார்டு சி 6-க்கு முன்னால் போய் நிற்பதும் தீரும்.

இருக்கிற கார்டைத் தேடினால் கிடைக்கவில்லை

ஜி ஷார்ப் என்று தேடுகிறீர்கள். அது ஏ ஃப்ளாட் என்ற பெயரில் கிடக்கிறது. ஒலி ஒன்று, பெயர் இரண்டு. ஒரே படத்தை இரண்டு பெயரிலும் சேமித்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது பழையதாகவே நின்றுவிடும். மேலே சொன்ன 01 முதல் 12 வரையான எண் இங்கேயும் கைகொடுக்கிறது: இரண்டு பெயருக்கும் எண் 09 தான், எண்ணைத் தேடினால் போதும்.

பெயர் சரியாகவே இருந்தும் கிடைக்கவில்லை என்றால் குறியைப் பாருங்கள். விசைப்பலகையில் இருக்கும் # வேறு, இசைக்குறியான ♯ வேறு. கண்ணுக்கு அண்ணன் தம்பி போல் இருந்தாலும் கணினிக்கு இரண்டும் சம்பந்தமில்லாத இரு எழுத்துகள். அதேபோல் ♭ குறியும் சிறிய ஆங்கில பி எழுத்தும். தொகுப்பு முழுவதும் ஒன்றையே வையுங்கள். தட்டச்சுக்கு எளிதானதையே வைப்பது நல்லது, அச்சிடும்போது மென்பொருள் அழகான குறியாக மாற்றிக்கொள்ளும்.

பி கார்டுகள் மட்டும் அரை ஸ்வரம் இறங்கி வந்தால் ஜெர்மானியப் பெயர் முறை இயக்கத்தில் இருக்கிறது. அந்த முறையில் பி என்றால் நமது பி ஃப்ளாட். நமது பி-க்கு அவர்கள் எச் எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள். பெயர் முறை அமைப்பை ஆங்கில முறைக்கு மாற்றுங்கள்.

தமிழ் வரிகளுக்கு மேலே கார்டு சரியாக நிற்கவில்லை

வரிக்கு மேலே இடைவெளி விட்டு விட்டுக் கார்டை நிறுத்தும் முறை ஆங்கிலத்தில் சம அகல எழுத்துருவில் வேலை செய்யும். தமிழில் ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலம் கிடையாது, அதனால் எழுத்துரு மாறியதும் எல்லாம் நகர்ந்துவிடும். கார்டை வரிக்குள்ளேயே சதுர அடைப்புக்குள் எழுதும் கார்ட்ப்ரோ முறைக்கு வந்துவிடுங்கள். அதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அடைப்பு ஒரு முழு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். ‘வா’ என்பது கணினிக்குள் ‘வ’, அதன்பின் கால் என இரண்டு துண்டு. அவற்றுக்கு நடுவே அடைப்பு விழுந்தால் கால் தனியாகி, புள்ளி வட்டத்தோடு நிற்கும். கொம்பு கண்ணுக்கு இடப்பக்கம் தெரிந்தாலும் கோப்பில் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. ‘மே’ போன்ற எழுத்துகளில் சுட்டியை நம்பாமல் அம்பு விசையால் நகர்ந்து எழுத்தின் தொடக்கத்துக்குப் போங்கள்.

அடைப்பே இல்லாத இடத்திலும் எழுத்துகள் உடைந்து, கொம்பு பின்னால் போய் நின்றால் அந்த மென்பொருளின் பிடிஎஃப் பகுதிக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியவில்லை. ♯ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று விசித்திரக் குறிகள் வந்தால் கோப்பை யூடிஎஃப்-8 என்று தெரிவித்துத் திறங்கள். அந்தக் குறி அதில் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. வெறும் கட்டம் வந்தால் எழுத்துருவில் அந்தக் குறி இல்லை. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இசைக்குறிகள் கிடையாது, கார்டுப் பெயருக்கு வேறு எழுத்துரு கொடுத்துவிடுங்கள்.

அச்சில் மங்கல், இருண்ட திரையில் மாயம்

திரைக்கு அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கில் ஏற்றுமதி செய்த 3 செ.மீ. அகலப் படத்தில் சுமார் 113 பிக்சல்தான் இருக்கும். அச்சுக்கு 300 வேண்டும். அதே அகலத்துக்கு ஏறத்தாழ 354 பிக்சல். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் விரல் எண்கள் கரைந்துவிடும், மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி வடிவம் கிடைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம். ஆனால் எஸ்விஜி-யில் எழுத்து எழுத்தாகவே இருப்பதால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பெயரின் தோற்றம் மாறும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துக் கோட்டுருவாக மாற்றிவிட்டுக் கொடுங்கள். இருண்ட பின்னணியில் படம் தெரியவில்லை என்றால் பின்னணி ஒளிபுகும்படி சேமிக்கப்பட்டிருக்கிறது, கறுப்பின்மேல் கறுப்புக் கோடு. வெள்ளைப் பின்னணியோடு சேமியுங்கள்.

வேறு கணினியில் திறந்தால் என் வடிவங்கள் இல்லை

நீங்கள் வரையறுத்த கார்டுகள் பாட்டுக் கோப்பில் இருக்கின்றனவா, மென்பொருளின் சொந்த நூலகத்தில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. நூலகத்தில் இருந்தால் பாட்டை மட்டும் அனுப்பும்போது அவை கூட வராது. அங்கே உள்ள பொது வடிவங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கார்ட்ப்ரோவில் வரையறை வரிகளைப் பாட்டுக் கோப்பின் தலையிலேயே எழுதிவிடலாம், அது எங்கே போனாலும் கூடவே போகும். மற்ற மென்பொருட்களில் நூலகத்தை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். கணினியை மாற்றுவதற்கு முன்னால் தேட வேண்டும், மாற்றியபின் தேடிப் பயனில்லை.

நூலகம் போய்விட்டது, அச்சிட்ட தாளோ படங்களோ மட்டும்தான் மிச்சம் என்றால், அவற்றை ஸ்கேன் செய்து ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஒரு வரி தட்டச்சு செய்யுங்கள்: பெயர், ட்யூனிங், ஆறு எண், ஆறு விரல். பழகினால் ஒரு கார்டுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. தட்டச்சு செய்துகொண்டே கிட்டாரில் ஒருமுறை மீட்டியும் பாருங்கள். பழைய படத்திலேயே இருந்த தப்புகள் சில அப்போது காதில் விழும்.